வனிலாக் காய் யார் வீட்டில் மணக்க வேண்டும்?

நமது தோட்டங்களில் விளையும் பொருள்களுள், விளைவித்தவர் வீட்டில் ஒருநாளும் மணக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது வனிலாவேயாகும். கொடி நட்டு, நிழல் அமைத்து, பூவுக்குப் பூ கையினால் மகரந்தம் சேர்த்து, ஒன்பது மாத காலம் காவல் காத்து, கடைசியில் பச்சைக் காயை அப்படியே வியாபாரியின் தராசில் இட்டுவிடுகிறோம். பிறகு நம் வீட்டுக் குழந்தையின் பிறந்த நாளுக்குக் கேக் செய்ய வேண்டியிருந்தால், கடைக்குப் போய் ஒரு சிறு எஸ்ஸென்ஸ் புட்டி வாங்கி வருகிறோம். அப்புட்டிக்கும் வனிலாக் காய்க்கும் பெரும்பாலும் எவ்விதச் சம்பந்தமும் இராது.

இந்த நிலைமை மாற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்கு முதற்படியாக, வனிலா பயிரிடும் ஒவ்வோர் அங்கத்தினர் இல்லத்திலும் காயைப் பதப்படுத்தவும், அதிலிருந்து சாரம் இறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இது சமையலறைக் காரியம்தானே, சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நெசவாளர் அங்கத்தினர்களோ, தோட்டக்காரர் விஷயம் நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்ப நினைக்கலாம். இரு சாராரும் சற்றுப் பொறுமையுடன் மேலே வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

பச்சைக் காய்க்கு மணம் இல்லை

வனிலா மெக்ஸிகோ நாட்டுக் காடுகளிலிருந்து உலகெங்கும் பரவிய ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் பூ ஒரு நாள் காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடுகிறது. பூவினுள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு சிறு மடல் திரைபோல் மறைத்து நிற்பதால், தானாக மகரந்தம் சேர்வது மிக அபூர்வம். ஆகவே, பிற நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட கொடிகள் நெடுங்காலம் காய்க்காமலே நின்றன. 1836-இல் பெல்ஜியத்தில் ஷார்ல் மோரன் என்ற தாவர சாஸ்திரி கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். ஆயினும் தோட்டங்களில் எவரும் கையாளத்தக்க எளிய முறையைக் கண்டவன், இந்துமகா சமுத்திரத்தில் இன்று ரீயூனியன் என வழங்கும் தீவில் அடிமையாகப் பிறந்த எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். 1841-இல் ஒரு சிறு குச்சியால் அம்மடலை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்தி அவன் செய்து காட்டிய முறையையே இன்றும் நமது தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் செய்து வருகின்றனர். 1848-இல் அவனுக்கு விடுதலையும் ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. அவன் கண்ட வித்தையால் பலர் செல்வந்தரானார்கள். அவனோ 1880-இல் வறுமையிலேயே மாண்டான். வனிலாவின் சரித்திரத்தில் கை வேலை செய்தவனுக்குக் கடைசிப் பங்கு என்ற நியதி அன்றே தொடங்கிவிட்டது.

கொடியிலிருந்து பறித்த காய் பச்சை அவரையைப் போல் இருக்கும். அதில் வனிலா மணம் கிடையாது. மணம் தரும் வனிலின் என்ற பொருள் சர்க்கரையோடு பிணைந்து காய்க்குள் அடங்கியிருக்கிறது. காயிலுள்ள ஒருவகை என்ஸைம் அப்பிணைப்பை மெல்ல அவிழ்க்கும்போதுதான் மணம் பிறக்கிறது. இதைச் செய்விப்பதே பதப்படுத்துதல். நுனி மஞ்சளிக்கத் தொடங்கிய முதிர்ந்த காய்களை 63 முதல் 65 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் சுமார் மூன்று நிமிஷம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். நீர் வடிந்ததும் சூட்டோடு கம்பளியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தால், மறுநாள் காய்கள் காப்பிக்கொட்டை நிறமாக மாறிவிடும். அதன் பின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் பரப்பி, சூடாக இருக்கும்போதே திரும்பச் சுற்றிப் பெட்டியிலிட வேண்டும். பிறகு காற்றோட்டமுள்ள நிழலில் தட்டுகளில் உலர்த்த வேண்டும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைகிற பக்குவம் வந்தபின், மெழுகுக் காகிதத்தில் கட்டி மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்தால் மணம் முதிரும். இடையில் வாரம் ஒருமுறை பார்த்துப் பூஞ்சை கண்ட காயை உடனே விலக்க வேண்டும்.

ஐந்து முதல் ஆறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதமான காய் கிடைக்கும். இவ்வேலைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பாத்திரம், ஒரு வெப்பமானி, ஒரு மரப்பெட்டி, சில கம்பளிகள், இவற்றோடு பொறுமை வேண்டும். இத்தனையும் நமது இல்லங்களில் உள்ளவையே.

போலியும் பெயரும்

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு நன்கு தெரிந்த கதையொன்றை இங்கே நினைவூட்டுகிறோம். நமது தென்னார்க்காட்டு நிலங்களில் அவுரி விளைந்து, அதன் நீலம் கடல் கடந்து சென்ற காலம் ஒன்று இருந்தது. 1897-இல் ஜெர்மானியச் சாய ஆலை செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. சில ஆண்டுகளுக்குள் அவுரிச் சாகுபடி ஒடுங்கிப் போயிற்று. வனிலாவுக்கு இந்தச் சோதனை அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1858-இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் கோப்லே, காயிலிருந்து வனிலினைத் தனியே பிரித்தெடுத்தார். 1874-இல் டீமான், ஹார்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் ஊசியிலை மரத்திலுள்ள ஒரு பொருளிலிருந்து அதே வனிலினைச் செய்துகாட்டினர். பின்னர் காகித ஆலைக் கழிவிலிருந்தும், பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள்களிலிருந்தும் அது டன் கணக்கில் செய்யப்படலாயிற்று. இன்று உலகில் வனிலா மணத்துடன் விற்கப்படும் பண்டங்களில் மிகப் பெரும்பாலானவை காயைக் காணாதவையே.

நியாயமாகப் பேச வேண்டுமானால், செயற்கை வனிலின் விஷம் அன்று. காயிலுள்ள வனிலினும் ஆலையில் செய்த வனிலினும் ரசாயன அமைப்பில் ஒன்றே. சூடான அடுப்பில் வேகும் பிஸ்கோத்தில் இரண்டையும் வேறுபடுத்திக் கூறுவது எளிதன்று. ஆனால் இயற்கைக் காயில் வனிலினோடு நூற்றுக்கணக்கான வேறு மணப்பொருள்களும் கலந்துள்ளன. பால், தயிர், பாயசம், ஐஸ்கிரீம் போன்றவற்றில் அந்த நிறைவு நாவுக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவே செயற்கைப் பொருளை விற்கக் கூடாதென்று நாம் கூறவில்லை. புட்டியின் முகப்பில் வனிலாப் பூவையும் காயையும் வர்ணப் படமாக அச்சிட்டு, செயற்கை மணப்பொருள் என்ற உண்மையைப் பின்புறத்தில் பூதக்கண்ணாடி கொண்டு தேடும்படி அச்சிடுவதையே ஆட்சேபிக்கிறோம்.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றால் நெசவாளர் எவ்வளவு நஷ்டமடைகிறார் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகவே 1985-இல் கைத்தறி ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. முத்திரை இருந்தும், அதைப் பார்த்து வாங்கும் ஜனங்கள் இருந்தால்தான் பயன் உண்டு. அசலை ஒருமுறையாவது அனுபவித்தறிந்தவரே அசலைக் கேட்டு வாங்குவர். வனிலாவின் அசலை விளைவிப்பவரே அறியாதிருக்கும்போது வாங்குபவர் எங்ஙனம் அறிவார்? நெசவாளருக்கும் தோட்டக்காரருக்கும் வழக்கு ஒன்றே என்று நாம் கூறுவதன் காரணம் இதுவே.

ஏற்றமும் வீழ்ச்சியும்

வனிலாவைப் பற்றிப் பேசினாலே பல அங்கத்தினர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. உலகுக்கு வனிலா வழங்குவதில் முதன்மையான மடகாஸ்கர் தீவை 2000 ஏப்ரலில் ஹூடா என்ற கடும் புயல் தாக்கியது. 2002-இல் அங்கே அரசியல் குழப்பமும் ஏற்பட்டது. பதமான காயின் விலை 2003-04 வாக்கில் உலகச் சந்தையில் கிலோ 500 டாலரை எட்டியது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும், இடுக்கி, வயநாடு, குடகு, தென் கன்னடப் பகுதிகளிலும் பச்சைக் காய்க்கே கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் கிடைத்தது. கொடித் துண்டு விற்றே சிலர் பணம் சேர்த்தனர். பாக்கைப் பராமரிக்காமல் விட்டும், கடன் வாங்கியும் பலர் வனிலா நட்டனர். திருட்டுக்கு அஞ்சி இரவெல்லாம் காவல் இருந்தனர். முற்றாத காயையும் பறித்தனர்.

விலை உயர்ந்தபோதே உணவுக் கம்பெனிகள் செயற்கை வனிலினுக்கு மாறிக்கொண்டன. மடகாஸ்கரில் விளைச்சல் மீண்டது. மற்ற நாடுகளில் புதிதாக நட்ட கொடிகளும் காய்க்கத் தொடங்கின. 2005-க்குள் உலக விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. இங்கே பச்சைக் காயை வாங்க ஆளில்லாமற் போயிற்று. வேரழுகல் நோயும் சேர்ந்துகொள்ள, பல தோட்டங்களில் கொடிகள் கவனிப்பாரற்று அழிந்தன. மீண்டும் 2015-க்குப் பின் விலை ஏறி, 2018 வாக்கில் 600 டாலரைத் தொட்டு, பிறகு திரும்பவும் சரிந்தது. பழைய பாடத்தை உலகம் இருபது ஆண்டுக்குள் இருமுறை நடத்திவிட்டது.

இந்த வீழ்ச்சியில் யாருக்கு அதிக நஷ்டம் என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். பச்சைக் காய் சில நாட்களில் கெட்டுவிடும். ஆகவே அதைக் கையில் வைத்திருப்பவர் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைத்தே ஆக வேண்டும். நன்கு பதப்படுத்திய காயோ, மூடிய பெட்டியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சாரமாக இறக்கினால் அதற்கும் மேலாக இருக்கும். பேரம் பேசும் சக்தி என்பது காத்திருக்கும் சக்தியே. பச்சைக் காயை விற்பவர் அந்தச் சக்தியையும் காயோடு சேர்த்து விற்றுவிடுகிறார்.

வீட்டில் சாரம் இறக்கும் முறை

இனி, காரியத்துக்கு வருவோம். வனிலா சாரம் என்பது பதமான காயின் மணத்தைச் சாராயத்தில் ஊற வைத்து இறக்குவதேயாகும். அமெரிக்க நாட்டுச் சட்டப்படி, வனிலா சாரம் என்று பெயரிட்டு விற்க, சாராயச் சத்து நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமலும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய் வீதமும் இருக்க வேண்டும். வீட்டுக்கும் இந்த அளவே போதுமானது.

கால் லிட்டர் சாரத்துக்கு 25 கிராம் காய், அதாவது ஏறக்குறைய ஏழு எட்டுக் காய்கள் வேண்டும். காயை நீளவாக்கில் கீறி, இரண்டு மூன்று துண்டாக நறுக்கி, சுத்தமாய் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட வேண்டும். அரசு அனுமதியுடன் விற்கும் வோட்காவையோ ரம்மையோ காய் முழுவதும் மூழ்கும்படி ஊற்ற வேண்டும். இவற்றில் சாராயச் சத்து வழக்கமாக நூற்றுக்கு 42.8 பங்கு உள்ளது. ஆதலால் தண்ணீர் சேர்க்கலாகாது. இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்து, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை குலுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் உபயோகிக்கலாம். ஆறு மாதம் பொறுத்தால் மிக நன்று. அவசரப்பட்டு அடுப்பில் வைத்துச் சுட வைக்கவே கூடாது. சாராய ஆவி தீப்பற்றும். அரை லிட்டர் பாலில் செய்த பாயசத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதையும் இறக்கி வைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

சாரம் இறங்கிய காயையும் எறிய வேண்டியதில்லை. அதை உலர்த்தி ஒரு கிலோ சர்க்கரையுள் புதைத்து இரண்டு வாரம் மூடி வைத்தால், சர்க்கரை மணமேறிக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் உதவும்.

ஓர் எச்சரிக்கையை மிகுந்த கண்டிப்புடன் கூறுகிறோம். மருத்துவமனை ஸ்பிரிட், மரவேலை ஸ்பிரிட், கள்ளச் சாராயம் ஆகிய எதையும் இதற்கு உபயோகிக்கலாகாது. அவற்றில் மெத்தனால் இருக்கக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இந்த மெத்தனாலே. அது கண்ணையும் உயிரையும் குடிக்கும் விஷம். காய்ச்சினாலும் வடிகட்டினாலும் சரியாகாது.

சில ஆட்சேபணைகள்

வீட்டிற்குள் மதுப்புட்டியைக் கொண்டுவரலாமா என்பதே முதல் ஆட்சேபணை. குடியினால் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்த நாம் இதை அற்பமாகக் கருதவில்லை. ஓர் இல்லத்தில் தாய்மார்கள் வேண்டாம் என்று கூறினால் அதுவே தீர்ப்பு. அத்தகைய இல்லங்களுக்கும், சமயக் கட்டுப்பாட்டினால் மதுவைத் தீண்டாதவர்களுக்கும் வேறு வழி உண்டு. உணவுக்குரிய தாவரக் கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய நீர் ஒரு பங்கு கலந்து, அதே அளவு காயை ஊற வைக்கலாம். இதில் மணம் இறங்கக் கூடுதல் காலம் பிடிக்கும். வேகமும் சற்றுக் குறைவு. ஆயினும் குழந்தைகள் உண்ணும் பண்டத்துக்கு இதுவே மனத்திருப்தி தரும் என்று கருதுவோர் தாராளமாக இதைக் கையாளலாம். முன்சொன்ன வனிலாச் சர்க்கரைக்கோ இரண்டுமே வேண்டாம். சாரம் இறக்காத பதமான காய் இரண்டு இருந்தால் போதும்.

செலவு அதிகமல்லவா என்பது இரண்டாவது ஆட்சேபணை. கடையில் காயை வாங்கிச் செய்பவருக்குச் செலவு அதிகமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் முக்கியமாகப் பேசுவது காயை விளைவிப்பவரிடம். ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ பதமான காயாகி, லிட்டருக்கு 100 கிராம் வீதம் பத்து லிட்டர் சாரமாகிறது. தோட்ட வாசலில் ஆறு கிலோவுக்குக் கிடைக்கும் தொகையையும், நகரக் கடையில் அசல் சாரம் ஒரு சிறு புட்டி விற்கும் விலையையும் அங்கத்தினர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இடையில் மதுவின் விலை, புட்டியின் விலை, உழைப்பு, சேதம் எல்லாம் கழிய வேண்டும். கழிந்த பின்னும் நிற்கும் மிச்சம் இன்று யார் பைக்குப் போகிறது என்பதே கேள்வி.

அப்படியானால் நாளையே புட்டியில் அடைத்து விற்கலாமே என்று எவரும் புறப்பட வேண்டாம். வீட்டில் செய்வது வீட்டுக்கு மட்டுமே. விற்பனைக்குச் செய்ய 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமும், சாராயம் சேர்வதால் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதியும் வேண்டும். இவற்றைத் தனியொருவர் தேடி அலைவது கஷ்டம். சங்கத்தின் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இதற்கு முன்மாதிரி அண்டையிலேயே உள்ளது. பாக்கு விவசாயிகளுக்காக 1973-இல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவு ஸ்தாபனம், 1980 வாக்கில் கோகோ வாங்குவோர் கைவிட்டு விவசாயிகள் தவித்தபோது கொள்முதலில் இறங்கியது. வாங்கிய கோகோவை மற்றவர்க்கு விற்பதோடு நில்லாமல், 1986-இல் புத்தூரில் சாக்லேட் ஆலையையே தொடங்கியது. குஜராத்தில் 1946-இல் கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடியதன் தத்துவமும் இதுவே. சீக்கிரம் கெடும் பொருளைக் கெடாத பொருளாக்கும் வேலை உற்பத்தியாளர் கையில் இருந்தால்தான் விலையும் அவர் கையில் ஓரளவேனும் இருக்கும்.

ஆகவே வனிலா விளையும் பகுதிச் சங்கங்களுக்கு நாம் கூறும் யோசனைகள் சில. முதலாவதாக, பொதுவான ஒரு பதப்படுத்தும் கொட்டகை அமைத்து, கையெழுத்திட்ட ரசீதின் பேரில் ஒவ்வோர் அங்கத்தினர் காயையும் தரம் பார்த்து வாங்க வேண்டும். முற்றாத காயைத் தயவு தாட்சணியமின்றித் திருப்ப வேண்டும். ஒருவர் அவசரம் எல்லார் பெயரையும் கெடுக்கும். இரண்டாவதாக, நெல்லுக்கும் மற்றத் தானியங்களுக்கும் ஈட்டுக் கடன் கொடுப்பது போல், பெட்டியில் முதிரும் காயின் பேரிலும் முன்பணம் கொடுக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் இன்றிக் காத்திரு என்று சொல்வது உபதேசமே தவிர உதவியாகாது. மூன்றாவதாக, சாரம் தயாரிக்கும் உரிமத்தைச் சங்கத்தின் பெயரில் பெற்று, காய் எந்தத் தோட்டப் பகுதியில் விளைந்தது என்பதைப் புட்டியின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். நான்காவதாக, நெசவாளர் சங்க விற்பனை நிலையங்களில் ஓர் அலமாரியை இதற்கு ஒதுக்கலாம். அசலான கைத்தறியைத் தேடி வரும் வாடிக்கைக்காரரே அசலான வனிலாவையும் மதிக்கக்கூடியவர். பதிலுக்கு, பதப்படுத்தும் கொட்டகைக்கு வேண்டிய கம்பளியும் கெட்டித் துணியும் நமது தறிகளிலிருந்தே வாங்கப்படட்டும்.

இவற்றோடு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். விலை ஏறுகிறதென்று கேட்டவுடன் தென்னையையும் பாக்கையும் மிளகையும் மறந்து வனிலாவின் பின்னே ஓடலாகாது. அது ஊடுபயிராக, குடும்பத்தார் கையாலேயே மகரந்தம் சேர்த்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே இருக்கட்டும். கடன் வாங்கி நடும் பயிர் இது அன்று.

அடுத்த அறுவடையில், விற்கும் காயிலிருந்து ஒரே ஒரு கிலோவை ஒவ்வோர் அங்கத்தினரும் வீட்டுக்கென எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதை இல்லத்தார் பதப்படுத்திப் பார்க்கட்டும். சாரம் இறக்கிப் பார்க்கட்டும். முதல்முறை சில காய்கள் பூஞ்சை பிடிக்கலாம். சில காய்ந்து சருகாகலாம். இரண்டாம் முறை கை தேறிவிடும். எந்தக் காய் நல்ல காய், எந்த மணம் அசல் மணம் என்று தம் மூக்கினாலேயே அறிந்த அங்கத்தினரை எந்தத் தரகரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அத்தகைய அங்கத்தினர்கள் ஐம்பது பேர் சேர்ந்த பொதுக்குழுவில், மேலே கூறிய யோசனைகளைத் தீர்மானமாக்குவதும் கடினமாயிராது. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இவ்விஷயத்தைச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.